சாட்சித் துண்டுகளைக் கேட்கும் உரிமை: அணு உலையின் அழுத்த, வெப்ப வரம்புகள் யார் கையில்?

1978 மார்ச் 20. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சாக்ரமென்டோ நகரை ஒட்டிய ராஞ்சோ செக்கோ அணுமின் நிலையம். கட்டுப்பாட்டு அறையில் ஒரு சின்ன இண்டிகேட்டர் பல்பை மாற்றிக்கொண்டிருந்தபோது அது கைதவறிப் பலகைக்குள் விழுந்தது. ஷார்ட் சர்க்யூட் ஆனது. கருவிகளில் பெரும்பகுதி மின்சாரம் இழந்து தப்பான அளவுகளைக் காட்டத் தொடங்கின. அந்தத் தப்பான அளவுகளை நம்பித் தானியங்கிக் கருவிகள் முதலில் தண்ணீரை நிறுத்தின. உலை நின்றது. பிறகு அளவுக்கு மேல் தண்ணீர் பாய்ந்தது. 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்த உலை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் 140 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துவிட்டது. உள்ளே அழுத்தம் மட்டும் குறையவில்லை.

குளிர்ந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. எரிந்துகொண்டிருக்கும் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்று கிராமத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். இங்கே கண்ணாடிக்குப் பதில் சுமார் 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கலன். அதற்குள் யுரேனியம்.

கலன் உடையவில்லை. காரணம், அந்த நிலையத்துக்கு அப்போது வயது மூன்றுதான். எஃகு இன்னும் முதுமை அடையவில்லை. அதே சம்பவம் இருபது ஆண்டு ஓடிய உலையில் நடந்திருந்தால்? அந்தக் கேள்வி அமெரிக்க ஒழுங்குமுறை வரலாற்றையே ஒரு திருப்பு திருப்பியது. அந்த வரலாற்றை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று சில மாணவ நண்பர்கள் கேட்டார்கள். "அணு உலை பற்றிப் பேச இயற்பியல் படித்திருக்க வேண்டும், உங்களுக்கு என்ன தெரியும்?" என்று நம் வாயை அடைப்பவர்களுக்குப் பதில் சொல்லத்தான். வரம்பை எண்ணில் எழுதுவது இயற்பியல். அதை யார் எழுதுவது, யார் திருத்துவது, திருத்தும்போது யாரைக் கேட்பது என்பதெல்லாம் அரசியல். அது நம் பாடம்.

எஃகுக்கும் முதுமை வரும்

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். அழுத்த நீர் உலையில் தண்ணீர் சுமார் 300 டிகிரி வெப்பத்திலும் கொதிக்காமல் இருக்க, வளிமண்டல அழுத்தத்தைப் போல 150 மடங்கு அழுத்தத்தில் அடைத்து வைக்கப்படுகிறது. இதைத் தாங்குவது உலைக்கலன். பம்ப், குழாய், வால்வு என்று மற்ற பலவற்றுக்கும் மாற்று உண்டு, இரட்டை ஏற்பாடு உண்டு. உலைக்கலனுக்கு மாற்று இல்லை. குழாய் உடைந்தால் அவசரக் குளிர்நீர் பாயும். கலனே பிளந்தால் அந்த நீர் நிற்க இடமிருக்காது.

உலை ஓடும் ஒவ்வொரு நாளும் எரிபொருளிலிருந்து வெளியேறும் நியூட்ரான்கள் இந்த எஃகைத் தாக்குகின்றன. ஆண்டுகள் போகப் போக எஃகு நெகிழ்ச்சியை இழந்து நொறுங்கும் தன்மையை அடைகிறது. எஃகில், குறிப்பாக வெல்டிங் இணைப்புகளில், தாமிரமும் நிக்கலும் கூடுதலாக இருந்தால் இது வேகமாக நடக்கும். இந்த வகை எஃகுக்கு ஒரு வெப்பநிலை எல்லை உண்டு. அதற்கு மேலே வளையும், கீழே நொறுங்கும். நியூட்ரான் அடி வாங்க வாங்க இந்த எல்லை மேலே நகர்கிறது. புதிய கலனில் குளிர்ந்த நாளின் வெப்பநிலை அளவில் இருக்கும் எல்லை, பழைய கலனில் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகலாம்.

அதனால்தான் அழுத்த, வெப்ப வரம்பு. உலையைச் சூடேற்றும்போதும் குளிர்விக்கும்போதும் எந்த வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தம் வரை போகலாம் என்று ஒரு வளைகோடு வரைந்து வைத்திருப்பார்கள். குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். சூடேற்றுவதும் குளிர்விப்பதும் பொதுவாக மணிக்கு 55 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ராஞ்சோ செக்கோவில் அதைப் போல மூன்று மடங்கு நடந்தது. எஃகுக்கு வயது ஏற ஏற இந்த வளைகோட்டைத் திருத்தி இறுக்கிக்கொண்டே வர வேண்டும்.

எஃகுக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? கலனைக் கட்டும்போதே அதே எஃகிலும் அதே வெல்டிங்கிலும் செய்த சிறு துண்டுகளை உறைகளில் போட்டு உலைக்குள் தொங்கவிடுகிறார்கள். எரிபொருளுக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருப்பதால் அவை கலனைவிட வேகமாக முதுமை அடையும். குறித்த ஆண்டுகளில் ஒவ்வோர் உறையாக வெளியே எடுத்து, துண்டுகளைச் சுத்தியால் அடித்து உடைத்து, எவ்வளவு ஆற்றலில் உடைகிறது என்று அளக்கிறார்கள். இவற்றை நான் சாட்சித் துண்டுகள் என்று அழைக்கிறேன். கலனின் நிலை பற்றிப் பொய் சொல்லாத சாட்சி அவைதான். இந்தச் சாட்சிகளை எப்போது வெளியே எடுப்பது என்ற கால அட்டவணை பின்னால் பெரிய வழக்கானது. அதற்கு வருகிறேன்.

விற்பவரே காவலர்

அமெரிக்காவில் 1974 வரை அணுசக்தியை வளர்ப்பதும் அதைக் கண்காணிப்பதும் ஒரே அமைப்பின் கையில் இருந்தன. அதன் பெயர் அணுசக்தி ஆணையம். கடைக்காரரே எடைக்கல்லையும் சோதிக்கும் ஏற்பாடு. விமர்சனம் முற்றியதால் 1974 சட்டம் அதை இரண்டாகப் பிரித்தது. 1975 ஜனவரியில் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தனியாகச் செயல்படத் தொடங்கியது.

எஃகின் உறுதி பற்றிய விதிகள் அதற்குச் சற்று முன்பே, 1973இல், இரண்டு இணைப்புகளாக வந்துவிட்டன. ஒன்று உடைவைத் தடுக்க வேண்டிய வரம்புகளைச் சொன்னது. இன்னொன்று சாட்சித் துண்டுகளை வைத்துச் சோதிக்க வேண்டும் என்றது. இந்த விதிகள் வரும்போது நாட்டில் பல உலைகள் ஏற்கெனவே கட்டி முடித்து ஓடிக்கொண்டிருந்தன. தாமிரம் கெடுதல் என்று தெரிவதற்கு முன்பே வெல்டிங் செய்யப்பட்ட கலன்கள் அவை.

ராஞ்சோ செக்கோவுக்குப் பிறகு இன்னொரு விதி தேவை என்பது புரிந்தது. சூடான, அழுத்தம் நிறைந்த கலனில் குளிர்நீர் பாயும் அதிர்ச்சிக்கான விதி. அது 1985இல் வந்தது. பல்பு விழுந்து ஏழு ஆண்டுகள் கழித்து. தகடுகளுக்கும் நெடுக்கு வெல்டிங்குக்கும் 270 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 132 டிகிரி செல்சியஸ். சுற்று வெல்டிங்குக்கு 300 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 149 டிகிரி செல்சியஸ். நொறுங்கும் எல்லை இதைத் தாண்டப் போகிறது என்றால், தொடர்ந்து ஓட்டுவது பாதுகாப்பானது என்பதை நிர்வாகம் தனியாக நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் உலையை நிறுத்த வேண்டும்.

ராஞ்சோ செக்கோவின் முடிவு ஆணையத்தின் கையால் நடக்கவில்லை. அது சாக்ரமென்டோ வட்டார மக்களுக்குச் சொந்தமான பொது மின் நிறுவனத்தின் நிலையம். 1989 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அதை மூடினார்கள்.

யாங்கி ரோவ்: சாட்சி இல்லாத கலன்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரோவ் என்ற சின்ன ஊர். டியர்ஃபீல்ட் ஆற்றங்கரையில் 1960களின் தொடக்கத்திலிருந்து ஓடிய 185 மெகாவாட் நிலையம் யாங்கி ரோவ். அமெரிக்க அணுமின் துறையின் செல்லப் பிள்ளை. 40 ஆண்டு உரிமம் 2000இல் முடியும். அதற்கு மேலும் 20 ஆண்டு நீட்டிப்பு கேட்பதற்கு முன்மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உலைகளில் ஒன்று. இது தேறினால் நாடெங்கும் உள்ள பழைய உலைகளுக்கும் வழி திறக்கும் என்பது கணக்கு.

நீட்டிப்புக்காகக் கோப்புகளைப் புரட்டியபோதுதான் ஓட்டைகள் தெரிந்தன. சாட்சித் துண்டுகளை வைத்துச் சோதிக்கும் வேலை அந்த நிலையத்தில் ஆரம்ப ஆண்டுகளிலேயே நின்றுபோயிருந்தது. வெல்டிங்கில் எவ்வளவு தாமிரம் இருக்கிறது என்பதற்கு உறுதியான பதிவு இல்லை. மற்ற உலைகளைவிடக் குறைந்த வெப்பநிலையில் ஓடிய உலை அது. அப்படி ஓடினால் எஃகு கூடுதல் வேகத்தில் நொறுங்கும் தன்மை பெறும். கலனின் உட்பூச்சுத் தகடு புள்ளி புள்ளியாக ஒட்டப்பட்டிருந்ததால், அதன் வழியே ஒலி அலை அனுப்பி விரிசல் பார்ப்பதும் கடினம்.

இத்தனையும் தெரிந்தும் 1990இல் ஆணையத்தின் அதிகாரிகள் உலையைத் தொடர்ந்து ஓட்ட அனுமதித்தார்கள். தரவு இல்லாத இடத்தில் அனுமானம் வந்து உட்கார்ந்தது. அனுமானம் யாருக்குச் சாதகமாக இருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

1991 ஜூனில் அக்கறையுள்ள விஞ்ஞானிகள் சங்கமும் நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் குடிமக்கள் கூட்டமைப்பும் சேர்ந்து, உலையை உடனே மூடக் கோரி ஆணையத்திடம் மனு கொடுத்தன. அந்த விஞ்ஞானிகள் சங்கத்தின் முன்னணியில் இருந்தவர் ராபர்ட் பொல்லார்ட். 1976இல் இந்தியன் பாயின்ட் உலையின் பாதுகாப்பு பற்றிக் கேள்வி எழுப்பி, அதே ஆணையத்தின் வேலையை ராஜினாமா செய்த பொறியாளர். உள்ளே இருந்து ஆவணங்களைப் படிக்கப் பழகியவர். மனுவில் கோஷம் இல்லை. ஆணையத்தின் சொந்த விதி, சொந்த அறிக்கை, சொந்த எண்கள். "உங்கள் விதிப்படியே இந்த உலை ஓடக் கூடாது" என்பதுதான் வாதம்.

ஜூலை இறுதியில் ஆணையம் உடனடி மூடலை மறுத்தது. ஆனால் கேள்வி பொதுவெளிக்கு வந்துவிட்டது. செய்தித்தாள்கள் எழுதின. அதிகாரிகள் மறுபடி கணக்குப் போட வேண்டியதாயிற்று. 1991 அக்டோபர் 1 அன்று, உலையை நிறுத்துவதே சரி என்று அதிகாரிகளே பரிந்துரைக்கும் நிலை வந்தது. அன்றே நிர்வாகம் தானாக நிறுத்துவதாக அறிவித்தது. 1992 பிப்ரவரியில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். பாதுகாப்பு என்று நிர்வாகம் ஒப்புக்கொள்ளவில்லை; கலன் நலமாக இருக்கிறது என்று நிரூபிக்க ஆகும் செலவு கட்டுப்படியாகவில்லை என்றது. நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்தின் தலையில் விழுந்தவுடன் கணக்கு மாறியது என்பதைக் கவனியுங்கள்.

அதற்கடுத்த மாதமே எல்லா உலைகளின் கலன் விவரங்களையும் கேட்டு ஆணையம் பொதுக் கடிதம் அனுப்பியது. ஒரு சின்ன ஊரின் மனு நாடு முழுவதற்குமான கணக்கெடுப்பாக விரிந்தது.

பெர்ரி: ஓர் அட்டவணைக்காக ஐந்து ஆண்டு

இனி வருவது குறைவாகப் பேசப்பட்ட கதை. எனக்கு இதுதான் முக்கியமான பாடம்.

ஓஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் பெர்ரி அணுமின் நிலையம். இதன் உரிமத்தோடு சேர்ந்த தொழில்நுட்ப நிபந்தனைகளில் சாட்சித் துண்டுகளை வெளியே எடுக்கும் கால அட்டவணையும் இருந்தது. உரிமத்தின் பகுதி என்பதால் அதை மாற்ற உரிமத் திருத்தம் வேண்டும். உரிமத் திருத்தம் என்றால் பொது அறிவிப்பு வேண்டும். பாதிக்கப்படக்கூடியவர் கேட்டால் விசாரணை நடத்த வேண்டும். அணுசக்திச் சட்டத்தின் 189ஆவது பிரிவு தரும் உரிமை அது.

1991இல் ஆணையம் எல்லா நிலையங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. அட்டவணையை உரிமத்திலிருந்து எடுத்து வேறு ஆவணத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றது. நடைமுறையை எளிமையாக்குவதாகச் சொன்னது. பெர்ரி நிர்வாகம் அதன்படி விண்ணப்பித்தது. அறிவிப்பு வெளியானது. இப்படிப்பட்ட அறிவிப்பை யார் படிப்பார்கள்? பொறுப்பான எரிசக்திக்கான ஓஹையோ குடிமக்கள் என்ற உள்ளூர் அமைப்பு படித்தது. அருகில் வசித்த அதன் பிரதிநிதி ஒருவரும் அமைப்பும் சேர்ந்து விசாரணை கேட்டார்கள்.

அவர்கள் வாதம் எளிமையானது. அட்டவணையை இடம் மாற்றுவதால் இன்று எந்த விபத்தும் வராது. ஆனால் நாளை அதை மாற்றும்போது எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது. சட்டம் எங்களுக்குக் கொடுத்த விசாரணை உரிமையை ஆவணத்தை நகர்த்திப் பறிக்கிறீர்கள்.

முதலில் உரிமக் குழு, உங்களுக்கு என்ன பாதிப்பு என்று கேட்டுத் தள்ளிவிட்டது. 1993இல் ஆணையம் அதைத் திருத்தி, உரிமை இழப்பைச் சொல்லி வழக்காட இவர்களுக்குத் தகுதி உண்டு என்றது. 1995இல் உரிமக் குழு இவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 1996 டிசம்பரில் ஆணையம் அதை ரத்து செய்தது. அட்டவணை மாற்றம் தொழில்நுட்பத் தரநிலைக்கு உட்பட்டிருந்தால் அது உரிமத் திருத்தம் ஆகாது, தரநிலையை மீறும் மாற்றத்துக்கு மட்டும் உரிமத் திருத்தமும் விசாரணை வாய்ப்பும் என்றது.

அதே 1996இல் இன்னொரு பொதுக் கடிதமும் வந்தது. அழுத்த, வெப்ப வளைகோடுகளையே உரிமத்திலிருந்து எடுத்து நிர்வாகத்தின் தனி அறிக்கையில் வைத்துக்கொள்ளலாம் என்றது. கணக்கிடும் முறைக்கு ஒருமுறை ஒப்புதல் வாங்கிவிட்டால் போதும். அதன்பின் வளைகோட்டைத் திருத்தும்போது ஆணையத்துக்கு அறிக்கை போகும். பொதுமக்களுக்கு விசாரணை வாய்ப்பு வராது.

ஆணையத்தின் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வழக்கமான ஒவ்வொரு திருத்தத்துக்கும் உரிம நடைமுறை முழுவதையும் ஓட்டினால் அதிகாரிகளின் நேரம் கோப்பிலேயே போகும், உண்மையான ஆபத்தைப் பார்க்க ஆளிருக்காது என்றார்கள். ஆனால் நடந்ததைப் பாருங்கள். வரம்பின் எண் ஒன்றுகூட மாறவில்லை. அது இருக்கும் அலமாரி மட்டும் மாறியது. மக்களின் கை எட்டும் அலமாரியிலிருந்து எட்டாத அலமாரிக்கு. உரிமைகள் பல நேரம் இப்படித்தான் போகின்றன. யாரும் தடை போட மாட்டார்கள். "நடைமுறை எளிமையாக்கம்" என்று ஒரு சுற்றறிக்கை வரும்.

வரம்பே நகர்ந்தால்

2010இல் ஆணையம் 1985 விதிக்கு ஒரு மாற்று விதியைக் கொண்டுவந்தது. புதிய நிகழ்தகவுக் கணக்குகளின்படி பழைய வரம்பு தேவைக்கு மேல் கடுமையானது என்பது அதன் விளக்கம். விரும்பும் நிர்வாகங்கள், கலனைச் சோதித்துக் காட்டி, தளர்ந்த புதிய வரம்புக்கு மாறிக்கொள்ளலாம். நாட்டிலேயே அதிகம் முதுமை அடைந்த கலன்களில் ஒன்றைக் கொண்ட மிச்சிகன் மாநிலத்தின் பாலிசேட்ஸ் நிலையம், பழைய வரம்பை நெருங்கிய நேரத்தில் இந்த மாற்று விதிக்கு 2015இல் அனுமதி பெற்றது. 2022இல் மூடப்பட்ட அந்த உலையை மீண்டும் ஓட்டவும் பின்னர் ஏற்பாடுகள் நடந்தன.

ஃபுகுஷிமா விபத்து நடந்த 2011இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒரு நீண்ட புலனாய்வுத் தொடர் வெளியிட்டது. வயதான உலைகள் வரம்பை எட்டும்போதெல்லாம் வரம்புகள் தளர்த்தப்படுகின்றன என்பது அதன் குற்றச்சாட்டு. ஆணையம் மறுத்தது. அறிவியல் வளர வளர வரம்பு துல்லியமாகும் என்றது. அறிவியல் வளர்வது உண்மை. ஆனால் சமூகவியல் மாணவராக நான் வேறொன்றையும் கேட்பேன். வளர்ந்த அறிவியல் எத்தனை முறை வரம்பை இறுக்கியது, எத்தனை முறை தளர்த்தியது? கணக்குப் போடும் வேலையைத் தொடங்கச் சொன்னது யார்? யாங்கி ரோவில் தரவு இல்லாதபோது அனுமானம் போன திசையும் இங்கே எண்கள் போகும் திசையும் ஒன்றாக இருந்தால், அது தற்செயல் என்று ஏற்றுக்கொள்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

நம் கரையில்

நம் மாநிலத்துக்கும் இந்தக் கேள்விகள் அந்நியமில்லை. கல்பாக்கத்தின் இரண்டு கனநீர் உலைகளில் ஒற்றைப் பெருங்கலனுக்குப் பதில் நூற்றுக்கணக்கான அழுத்தக் குழாய்கள். அவற்றை மாற்ற முடியும். 2000களின் தொடக்க ஆண்டுகளில் மாற்றினார்கள். கூடங்குளத்தில் உள்ளவை அழுத்த நீர் உலைகள். அங்கே மாற்ற முடியாத கலன்தான். அந்தக் கலனில் எரிபொருள் பகுதியை ஒட்டி வெல்டிங் இணைப்பு இருப்பது பற்றிய கேள்வி கூடங்குளம் போராட்டத்தின்போது எழுப்பப்பட்டது. கேட்டவர்களை அறிவியல் தெரியாதவர்கள் என்றார்கள். மேலே படித்த வரலாற்றின்படி அது உலகமெங்கும் ஒழுங்குமுறை அமைப்புகளே கேட்கும் முதல் கேள்வி.

கேள்விக்கு விடை ஆவணத்தில் இருக்கும். ஆவணத்தைக் கேட்டார்கள். கூடங்குளம் உலைகளின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடுமாறு 2012 ஏப்ரலில் மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்டது. இந்திய அணுமின் கழகம் அதை எதிர்த்து தில்லி உயர்நீதிமன்றம் போனது.

கண்காணிக்க வேண்டிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் ஓர் அரசாணையால் உருவானது. அணுசக்தித் துறையின் செயலாளரே தலைவராக இருக்கும் ஆணையத்திடம் அது அறிக்கை கொடுத்துவந்தது. அமெரிக்கா 1974இல் பிரித்த முடிச்சு இங்கே அவிழாமல் கிடந்தது. வாரியம் மத்திய அரசுக்குக் கீழ்ப்பட்ட அமைப்பாகவே இருக்கிறது என்று 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டியது. சட்டப்படி தனி அதிகாரம் கொடுக்க 2011இல் கொண்டுவந்த மசோதா 2014இல் காலாவதியானது.

அமெரிக்க மக்களுக்குக் கிடைத்ததெல்லாம் தாராளம் என்று சொல்லவில்லை. பெர்ரியில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் தோற்பதற்கும் அவர்களுக்கு ஒரு விசாரணை மன்றம் இருந்தது, எதிர்த்தரப்பு எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அந்தப் பதில் இன்றும் நமக்குப் படிக்கக் கிடைக்கிறது.

படிப்பு வட்டங்களுக்கு

அணு உலை என்றில்லை. சாயப்பட்டறைக் கழிவுநீர், அனல்மின் சாம்பல், ரசாயன ஆலை என்று உங்கள் ஊரில் எந்த வரம்பைப் பற்றிப் பேச்சு வந்தாலும் இந்த வரலாறு தரும் கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரம்பு எந்த ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கிறது? உரிமத்திலா, நிர்வாகத்தின் உள் அறிக்கையிலா?

அதைத் திருத்த யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? திருத்தும் முன் ஊருக்கு அறிவிப்பு உண்டா?

அளவெடுக்கும் சாட்சித் துண்டு எங்கே? கடைசியாக எப்போது சோதித்தார்கள்? முடிவு எங்கே?

தரவு இல்லாத இடத்தில் என்ன அனுமானம் வைத்திருக்கிறார்கள்? ஆபத்து இல்லை என்று நிரூபிப்பது யார் பொறுப்பு?

இவற்றைத் தகவல் உரிமை மனுவாக எழுதுங்கள். ஒரு மனுவில் ஒரு விஷயம், தேதி, கோப்பின் பெயர், நகல் வேண்டும் என்ற கோரிக்கை. மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கி முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பொல்லார்டும் ஓஹையோக்காரர்களும் செய்தது இதைத்தான். யாரும் படிக்க மாட்டார்கள் என்று நம்பி வெளியிட்ட அறிவிப்பை உட்கார்ந்து படித்தார்கள். உங்கள் மாவட்டத்தில் இந்த வாரம் வெளியான அறிவிப்புகளில் ஒன்றை எடுத்து அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.